பினாங்கா, மலாக்காவா? பாய்ப்படகில் வரும் இணையருக்கு ஓர் ஒப்பீடு

லங்காவியிலிருந்து ஜொகூர் வரை மலாக்கா நீரிணையின் மலேசியக் கரையோரமாகப் பாய்ப்படகில் தெற்கே செல்லும் கணவன் மனைவிக்கு, எந்த ஊரைப் பார்ப்பது என்ற கேள்வி தனியாக எழுவதில்லை. படகை எங்கே விட்டுவிட்டுப் பார்ப்பது என்ற கேள்வியும் கூடவே வந்துவிடுகிறது. ஆறேழு பேர் உள்ள படகென்றால் இருவரைக் காவலுக்கு வைத்துவிட்டு மற்றவர்கள் ஊருக்குள் போய்வரலாம். இருவர் மட்டுமே உள்ள படகில் இருவரும் இறங்கிவிட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும் இந்தக் கடலில், படகு திரும்பும்போது சேற்றில் ஊன்றிய நங்கூரம் பிடி விட்டுப்போகுமோ என்ற கவலையோடு எந்தக் கோயிலையும் மசூதியையும் நிம்மதியாகப் பார்க்க முடியாது. ஒருவர் மாற்றி ஒருவர் போய்வரலாமே என்றால், சேர்ந்து பார்ப்பதற்காகத்தானே இத்தனை தூரம் சேர்ந்து வந்தார்கள்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனையும் மலாக்காவையும் யுனெஸ்கோ 2008-இல் ஒரே பதிவாக உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. தரைவழியே வருபவர்களுக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமான ஊர்கள். ஒன்றை இன்னொன்றுக்கு மேலாக வைப்பது பெரும்பாலும் அவரவர் ரசனையைப் பொறுத்தது. கடல்வழியே வருபவர்களுக்கு அப்படியல்ல. இங்கே இரவில் பயணம் செய்வதைப் பெரும்பாலானோர் தவிர்க்கிறார்கள். விளக்கில்லாத மீன் வலைகள், மிதந்து வரும் மரக்கட்டைகள், அப்பால் வரிசையாகப் போகும் பெருங்கப்பல்கள் ஆகிய மூன்றும் அதற்குப் போதுமான காரணங்கள். காற்றும் பெரும்பாலும் பலவீனமாக இருப்பதால் எஞ்சினை நம்பியே பகலில் ஐம்பது, அறுபது கடல் மைல் கடந்து மாலையில் நங்கூரமிடுகிறார்கள். லங்காவியின் குவா துறையிலிருந்து ஜார்ஜ் டவுன் ஏறத்தாழ 60 கடல் மைல் என்பதால், விடியுமுன் புறப்பட்டால் இருட்டுவதற்குள் போய்ச் சேரலாம்.

பினாங்கில் படகை விட மூன்று விதமான இடங்கள் உண்டு. படகுப்பயணத் துறைக்கு அருகே நகரின் வாசலிலேயே இருக்கும் தஞ்சோங் சிட்டி மரினா என்ற சிறு படகுத்துறை திறந்திருந்து அங்கே கட்டினால் பழைய நகரம் நடக்கும் தூரத்தில் இருக்கும். ஆனால் போகும் வரும் படகுகள் கிளப்பும் அலையில் படகு ஓயாமல் ஆடும். தஞ்சோங் தோக்கோங்கில் உள்ள ஸ்ட்ரெய்ட்ஸ் குவே அமைதியானது. கரைநிரப்பு வேலைகளுக்குப் பிறகு நுழைவாயிலில் சேறு படிவதால், ஆழமான அடிக்கட்டை உள்ள படகுகள் ஓதம் ஏறி நீர்மட்டம் உயர்ந்திருக்கும் நேரம் பார்த்துத்தான் உள்ளே போக வேண்டும். மூன்றாவது இடம், செலவு பார்ப்பவர்கள் விரும்பும் ஜெரெஜாக் தீவின் மறைவு. இது 1985-இல் திறந்த முதல் பாலத்துக்கும் 2014-இல் திறந்த இரண்டாம் பாலத்துக்கும் இடையில் இருக்கிறது. இரண்டு பாலங்களின் அடியிலும் 30 மீட்டருக்குக் குறையாத உயரம் இருப்பதால் சாதாரணப் படகின் பாய்மரம் தாராளமாகப் புகுந்து வரும்.

ஜெரெஜாக் வெறும் காற்று மறைவு மட்டுமல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தொழுநோயாளர் இல்லம், பிறகு கப்பலில் வந்திறங்கிய குடியேறிகளை நோய் பயத்தால் தடுத்துவைத்த முகாம், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலை என்று வேண்டாதவர்களை ஒதுக்கிவைக்கும் இடமாகவே அது இருந்து வந்திருக்கிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்த தோட்டத் தொழிலாளர் பலருக்கு மலாயாவின் முதல் மண் இந்தத் தீவுதான். இருவரும் படகின் பின்தட்டில் அமர்ந்து தேநீர் குடிக்கும்போது எதிரே தெரியும் காட்டுக்கு இப்படியொரு கதை இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு நங்கூரமிடுவது நல்லது.

நகருக்குள் போனால், 1786-இல் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் இறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டையில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை என்பது என் கருத்து. மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெருவிலிருந்து தொடங்குவதே பயனுள்ளது. 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் இன் கோயில், தமிழ் முஸ்லிம்கள் முன்னின்று 1801-இல் நிறுவிய கப்பித்தான் கெலிங் மசூதி, பக்கத்துக் குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் ஆகிய நான்கையும் வெயில் ஏறுமுன் நடந்தே பார்த்துவிடலாம். சூலியா தெரு முனையில் நாகூர் தர்காவின் சிறு பிரதி ஒன்று நிற்கிறது. அதன் சுவரோடு ஒட்டிச் சிறு கடைகள். கடைக்கூரைகளுக்கு மேலே விரல் தடிமனில் எட்டிப் பார்ப்பவைபோலச் சின்ன மினாராக்கள். உள்ளே தொழுகை நடந்துகொண்டிருக்கும்போதே வெளியே வியாபாரமும் நடக்கும். கடல் கடந்து வந்தவர்கள் ஊரிலிருந்த தங்கள் காவல் மகானையும் கூடவே கூட்டிவந்து குடியமர்த்தியிருக்கிறார்கள். படகுப் பயணிகளுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இந்த நகரில் வேறில்லை. வெல்ட் குவேயில் கடல்மேல் மரத்தூண்களில் நிற்கும் சீனக் குலத்தாரின் துறைக் குடியிருப்புகளையும் இதே நாளில் பார்க்கலாம்.

இனி மலாக்கா. வரலாற்று ஆழம் என்ற ஒரே அளவுகோலை வைத்தால் பினாங்கு இதன் அருகில் வர முடியாது. ஏறத்தாழ 1400-இல் பரமேஸ்வரன் நிறுவியது. 1511-இல் போர்த்துக்கீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824-இன் உடன்படிக்கைப்படி ஆங்கிலேயர் என்று கை மாறியது. பினாங்கு பிறப்பதற்குப் பல தலைமுறைகள் முன்பே மலாக்கா முதுமை எய்திவிட்டது. பருவக்காற்று மாறும்வரை கப்பல்கள் காத்திருக்கும் இடமாக இருந்ததுதான் அதன் செழிப்புக்குக் காரணம். குஜராத்தியருக்கு ஒருவர், சோழமண்டலம், வங்காளம், பெகு முதலிய கரைகளிலிருந்து வருவோருக்கு ஒருவர், ஜாவா பக்கத்தவருக்கு ஒருவர், சீனருக்கு ஒருவர் என நான்கு துறைமுகத் தலைவர்களைச் சுல்தானின் ஆட்சி அமர்த்தியிருந்தது. மாலுமிகளுக்கும் நகுதாக்கள் எனப்பட்ட கப்பல் தலைவர்களுக்கும் தனிக் கடற்சட்டமே இருந்தது.

அத்தகைய ஊர் இன்று ஒரு சிறு பாய்ப்படகை நம்பி விட்டுவைக்க இடமில்லாத ஊராக இருக்கிறது என்பதுதான் இந்த ஒப்பீட்டைத் திருப்பிப் போடுகிறது. கரைக்கு முன்னே நெடுந்தூரம் சேறு, ஆழமும் குறைவு. மேற்கு முழுவதும் திறந்து கிடக்கிறது. ஏப்ரல் முதல் நவம்பர் வரை பெரும்பாலும் இரவிலும் விடியற்காலையிலும் சுமத்ராப் பக்கமிருந்து திடீரென்று பாய்ந்து வரும் சூறைக்காற்றுக்கு, ‘சுமத்ரா’ என்றே மாலுமிகள் பெயர் வைத்திருக்கிறார்கள், இங்கே மறைவு கிடையாது. ஆற்றுக்குள் புகலாமென்றால் தாழ்வான பாலங்கள் பாய்மரத்தைத் தடுக்கும். போதாக்குறைக்கு, கடலை நிரப்பி நிரப்பி ஊரின் முகத்தையே மாற்றிவிட்டார்கள். 1807-இல் ஆங்கிலேயர் பழைய போர்த்துக்கீசியக் கோட்டையைத் தகர்த்தபோது தப்பிய போர்ட்டா டி சந்தியாகோ வாயில் ஒரு காலத்தில் கடலோரத்தில் நின்றது; இன்று அதன்முன் நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவது கடல் அல்ல, வணிக வளாகம். நிரப்பிய தீவொன்றில் 2006-இல் திறந்த நீரிணை மசூதிதான் இப்போது கடலிலிருந்து வருபவர்களுக்கு முதலில் தெரியும் அடையாளம்.

எனவே மலாக்காவுக்குப் படகில் போக வேண்டாம் என்பது என் துணிபு. வடக்கே போர்ட் டிக்சனில் நல்ல அலைதடுப்புள்ள அட்மிரல் மரினா இருக்கிறது. அங்கே படகைக் கட்டிவிட்டு, வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம் போல் பயணம் செய்து மலாக்காவில் இரண்டு இரவுகள் தங்கலாம். மரினாக் கட்டணமும் விடுதிச் செலவும் சேர்ந்து, பினாங்கில் ஜெரெஜாக் அருகே இலவசமாக நங்கூரமிட்டிருப்பதோடு ஒப்பிட்டால் நிறையவே ஆகும் என்பதை மறைப்பதற்கில்லை. ஆனாலும் ஊருக்குள் கழிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் கவலையற்ற மணி நேரமாக இருக்கும்.

அந்த மணி நேரங்களை எங்கே செலவிடுவது? சிவப்புச் சாயம் பூசிய டச்சுக் கட்டடங்களின் முன்னால் படமெடுத்துக்கொள்ளக் கால் மணி நேரம் போதும். துக்காங் எமாஸ் தெருவுக்குப் போக வேண்டும். டச்சு ஆட்சியினர் தைவநாயகம் செட்டியிடம் அளித்த நிலத்தில் 1781-இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயிலும், 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் மசூதியும், சில எட்டுகள் தள்ளி, அடுத்த தெருவிலேயே செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் இருக்கின்றன. பினாங்கிலும் இதே வரிசையைப் பார்த்தோமே என்று தோன்றலாம். வேறுபாடு அந்த மசூதிக்குள் போனால் தெரியும். குவிமாடம் இல்லை, மேலே போகப் போகச் சுருங்கும் மூன்றடுக்குக் கூரை. மினாராவோ பகோடா போல எழும்பியிருக்கிறது. உள்ளே ஐரோப்பியப் பாணித் தூண்கள், பளிங்குபோல் மின்னும் மெருகேற்றிய ஓடுகள், தலைக்கு மேலே விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. பினாங்கில் ஒவ்வொரு சமூகமும் தன் வீட்டைத் தன் முறைப்படி அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டது. மலாக்காவில் ஒரே வீட்டுக்குள் எல்லோரும் புகுந்து புறப்பட்டிருக்கிறார்கள்.

மலாக்காவின் கஜா பெராங்கில் உள்ள செட்டிக் கிராமம் இதன் மனித வடிவம். சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகரின் வழியினர், சைவ வழிபாட்டை விடாமல் பிடித்துக்கொண்டு, வீட்டில் மலாய் பேசுகிறார்கள். பெண்கள் கெபாயா என்ற மலாய் மேலாடை உடுத்துகிறார்கள். பொங்கலுக்கு முந்திய போகியன்று முன்னோருக்குப் படையல் வைக்கும் ‘பர்ச்சு’ வழக்கத்தைத் தொடர்கிறார்கள். பினாங்கில் தமிழரைத் தமிழராகவே காணலாம். தேநீர்க்கடையில் தமிழிலேயே பேசிக் காரியத்தை முடிக்கலாம். இங்கே தமிழ் போய்விட்டது, மாரியம்மன் போகவில்லை. எது பெரிது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. பார்ப்பவரை அதிகம் யோசிக்க வைப்பது மலாக்காதான்.

இவ்விரண்டுக்கும் போட்டியாக வேறு இடங்களையும் சிலர் சொல்வதுண்டு. லங்காவியில், பழங்கதையில் வரும் மஹ்சூரி என்ற பெண்ணின் கல்லறையைத் தவிரப் பண்பாட்டுக்கென்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. வரியில்லாப் பொருள்களும் படகுப் பழுதுபார்ப்பும்தான் அதன் பலம். கெடாவின் பூஜாங் பள்ளத்தாக்கு தமிழருக்குத் தனி ஈர்ப்புள்ளது, ஏனெனில் 1025-இல் முதலாம் இராசேந்திரனின் கடற்படை தாக்கிய கடாரம் இந்தப் பகுதிதான். வங்கக் கடலைக் கடந்து வந்த கப்பல்களுக்கு அடையாளமாக விளங்கிய 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையை இன்றும் படகிலிருந்தே பார்க்கலாம். மெர்போக் ஆற்று முகத்துவாரம் ஆழமற்றது. பினாங்கிலிருந்து தரைவழியே ஒரு பகலில் போய்வருவதே முறை. பெரும் கோபுரங்களை எதிர்பார்த்துப் போகக் கூடாது. அடித்தளங்கள் மட்டுமே எஞ்சியுள்ளன, அவற்றிலும் ஒன்றை 2013-இல் வீட்டுமனை போடுவதற்காக இடித்துத் தள்ளியது தெரிந்து அங்கே எதிர்ப்பு எழுந்தது. தெற்கே போகும் வழியில் உள்ள பங்கோர் தீவின் டச்சுக் கோட்டையும் கடலைப் பார்த்து நிற்கும் பத்திரகாளியம்மன் கோயிலும் எப்படியும் இரவு தங்க வேண்டிய இடத்தில் இருப்பதால் கூடுதல் செலவின்றிக் கிடைப்பவை.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் இருவர் மட்டுமே உள்ள படகுக்கு நான் பினாங்கையே சொல்வேன். அதுவும் தைப்பூசத்தை ஒட்டி. அந்த மாதங்களில் மேற்குக் கரையில் ‘சுமத்ரா’ தொல்லை குறைவு. காரைக்குடியில் செய்து 1894-இல் கப்பலில் வந்த வெள்ளித் தேர், நகரத்தார் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோயிலை நோக்கிப் புறப்படும்போது, அதன் முன்னே சீனரும் தமிழரும் உடைக்கும் தேங்காய்களால் சாலை முழுக்கச் சிரட்டையும் சில்லும் தேங்காய்த் தண்ணீருமாகிவிடும். காலில் தடித்த செருப்பு அவசியம். மலாக்காவின் போர்த்துக்கீசியக் குடியிருப்பில் மீனவர்கள் படகுகளை அலங்கரிக்கும் புனித பேதுரு விழா ஜூன் 29-இல், சூறைக்காற்றுக் காலத்தின் நடுவே வருகிறது. அதைப் பார்க்க விரும்பும் இணையர் போர்ட் டிக்சனில் படகை இரட்டைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போகலாம். விழாவுக்கல்லாமல் போவதானால் திங்கள் முதல் வியாழன் வரையிலான நாட்களே நல்லவை. வெள்ளிக்கிழமை மாலை ஜோங்கர் தெருவில் இரவுச் சந்தை தொடங்கிவிட்டால் பக்கத்துத் தெருக்களிலும் நிதானமாக நின்று எதையும் பார்க்க முடியாது.