பிரேக் பைப் துருப்பிடித்தால்: ஜாயிண்ட்டா, இரும்பா, செம்பு-நிக்கலா?

பினாங்கில் பாலிக் புலாவ் ஊருக்குப் போகும் துன் சார்டோன் மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வளைவில் பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே போனது. அடுத்த மிதியில் பாதிக்கு மேல் அமுங்கிவிட்டது. கியரைக் குறைத்து ஓரங்கட்டிக் குனிந்து பார்த்தால், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், பிரேக் எண்ணெயைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பைப் துருப்பிடித்து எண்ணெய் சொட்டுகிறது. என் காரைப் போல முன்சக்கரம் இழுக்கும் பெரும்பாலான கார்களில் பிரேக் குறுக்காக இரண்டு சுற்றாகப் பிரிந்திருக்கும். ஒன்று போனாலும் ஒரு முன்சக்கரமும் எதிர்ப்பக்கப் பின்சக்கரமும் பிடிக்கும். அந்தப் பாதிதான் அன்றைக்குக் காப்பாற்றியது.

பினாங்கில் பனியும் இல்லை, அதை உருக்கச் சாலையில் உப்பும் தூவுவதில்லை. ஆனால் கடற்காற்று உண்டு, வெள்ளத் தண்ணீர் உண்டு. பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குள் சேறு புகுந்தால் ஈரம் காயவே காயாது. வெளியே பளபளவென்று இருக்கும் பைப், கிளிப்பைக் கழற்றினால் செதில் செதிலாக உரியும். அதன் சுவரே ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர்தான்.

பட்டறையில் முதலில் சொன்னது: "தம்பி, அந்த இடத்த மட்டும் வெட்டி ஜாயிண்ட் போட்டா போதும்லா." செலவு குறைவு, அரை மணி நேர வேலை. ஆனால் இறுக்கிப் பிடிக்கும் சாதாரண ஜாயிண்ட் பிரேக் அழுத்தத்துக்கு ஆனதல்ல. பைப் முனையைக் கருவியால் முறையாக விரித்து இணைத்தாலும், மீதிப் பைப்புக்கும் அதே வயதுதானே? வெட்டிய பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையில் பழைய பைப் வாங்குவது இதைவிட மோசம். எந்த ஊர் உப்பில் ஊறியதோ, கழற்றும்போதே எங்கே நெளிந்ததோ.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும்தான். பூச்சுப் போட்ட புது இரும்பு பைப் மலிவு, உறுதி. தொழிற்சாலையில் வளைத்தது கிடைத்தால் அப்படியே உட்காரும். பழைய காருக்கு அது கிடைப்பதுதான் கஷ்டம். நேர் பைப்பை வளைக்கும்போது பூச்சில் கீறல் விழுந்தால் அங்கேயே துரு தொடங்கும்.

செம்பு-நிக்கல் கலவையில் சுமார் 10 சதவீதம் நிக்கல். துருப்பிடிக்காது, கையாலேயே வளையும், முனை விரிப்பதும் சுலபம். வோல்வோ 1976-லேயே இதைத் தன் கார்களில் போட்டது. விலை கூடுதல், மென்மையானது என்பதால் கிளிப் ஒன்று விட்டாலும் உரசித் தேயும். வெறும் செம்பை இதுதான் என்று நீட்டினால் வாங்காதீர்கள், அது அதிர்வில் விரிசல் விடும். ஸ்டெயின்லெஸ் அழகுதான். ஆனால் கெட்டியான உலோகம், நல்ல கருவி இல்லாத பட்டறையில் முனை சரியாக விரியாது, கசியும். என் பழைய காருக்கு அது தேவையில்லாத ஆடம்பரம்.

கடலோரத்தில் நிறுத்தும் பழைய கார் என்றால் என் வாக்கு செம்பு-நிக்கலுக்கே. இரண்டு வருஷத்தில் விற்கப் போகிறவருக்கு இரும்பு போதும், ஆனால் முழு நீளமும் மாற்ற வேண்டும். எதைப் போட்டாலும் எண்ணெயும் புதிதாக வேண்டும். டாட் 4 என்ற வகை பிரேக் எண்ணெய்க்கான தரத்தில் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி. ஈரம் உறிஞ்சிய பிறகு 155. மலை இறக்கத்தில் பிரேக் சூடாகும்போது அந்த வித்தியாசம் காலில் தெரியும்.

பின்பக்கப் பைப் இரண்டையும் செம்பு-நிக்கலில் மாற்றினேன். மெக்கானிக் அண்ணன் ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ சுற்றி, என்னை மிதியை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கால் வலிக்கும்வரை அழுத்தினேன். டிஷ்யூ காய்ந்தே இருந்தது.