டிஇசட்வி-11, டிஹெச்வி-11: ஐந்து வருடம் இரண்டையும் ஓட்டிப் பார்த்ததில்

என் பிடிபி-11/73 (டிஇசி நிறுவனத்தின் பழைய மினிகணினி) பெட்டியில் முதலில் இருந்தது டிஇசட்வி-11. டெர்மினல், பிரிண்டர் மாட்ட நான்கு சீரியல் லைன்கள், எம்7957 என்று எண் போட்ட போர்டு. இரண்டு வருடம் அதை ஓட்டினேன். அப்புறம் எட்டு லைன் கொண்ட டிஹெச்வி-11 கைக்கு வந்தது, எண் எம்3104. அது மாட்டி மூன்று வருடமாகிறது. இயக்கமுறை முழுக்க 2.11பிஎஸ்டி, யூனிக்ஸின் ஒரு வடிவம்.

லைன் எண்ணிக்கை இரட்டிப்பானது எனக்குப் பெரிய விஷயமே இல்லை. நான்கு டெர்மினல் வைக்கவே மேசையில் இடமில்லை. வித்தியாசம் தெரிந்தது இன்டரப்டில்தான், அதாவது போர்டு செயலியை இடைமறித்துக் கூப்பிடுவதில்.

டிஇசட்வியில் வெளியே போகும் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் இன்டரப்ட். 9600 பாட் (நொடிக்கு 9600 பிட், எழுத்துக்குப் பத்து பிட்) என்றால் ஒரு லைனுக்கு நொடிக்கு 960 எழுத்து. நான்கு திரையிலும் ஒரே நேரத்தில் பெரிய கோப்பை ஓடவிட்டால் செயலி நொடிக்கு 3840 முறை கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவர வேண்டும். பின்னால் கம்பைல் நடந்தால் அது நத்தையாகிவிடும். டிஹெச்வியில் டிஎம்ஏ உண்டு, அதாவது செயலியின் உதவியின்றிப் போர்டே நினைவகத்தைப் படிக்கும். எழுத்துகள் நினைவகத்தில் எங்கே இருக்கின்றன, எத்தனை என்று சொல்லிவிட்டால் போதும், மீதியைப் போர்டே பார்த்துக்கொள்ளும். முடிந்ததும் ஒரே ஒரு இன்டரப்ட்.

ஆனால் இந்தச் சுகம் அனுப்பும் பக்கம் மட்டும்தான். உள்ளே வரும் எழுத்துகளை இரண்டு போர்டிலும் செயலிதான் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். கெர்மிட்டில் (சீரியல் லைன் வழியே கோப்பு மாற்றும் நிரல்) கோப்பை உள்ளே இழுத்தபோது எனக்குப் பெரிய முன்னேற்றம் தெரியவில்லை. வந்த எழுத்துகள் போர்டில் காத்திருக்கும் வரிசையின் நீளம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்: டிஇசட்வியில் நான்கு லைனுக்கும் சேர்த்து 64 எழுத்து, டிஹெச்வியில் எட்டு லைனுக்கும் சேர்த்து 256. எல்லா லைனும் 9600-இல் கொட்டினால் முதலாவது 17 மில்லிநொடியில் நிரம்பும், இரண்டாவது 33-இல். டிஹெச்வியில் வரிசை முக்கால்வாசி நிரம்பினால் தானாகவே எக்ஸ்ஆஃப் (எதிர்முனையை நிறுத்தச் சொல்லும் எழுத்து) அனுப்பச் சொல்லலாம். அதுதான் உண்மையில் உதவியது.

மாற்றுவது சுலபம், ஆனால் ஒரு தொந்தரவு. இரண்டும் ஒரே அளவு போர்டு என்பதால் அதே இடத்தில் உட்காரும், காலி இடத்தில் சிக்னலைக் கடத்திவிடும் கிராண்ட் கார்டு தேட வேண்டியதில்லை. கேபிள் மட்டும் பொருந்தாது. பின்பக்கப் பலகையோடு சேர்த்தே வாங்குங்கள். நான் போர்டை மட்டும் வாங்கிவிட்டு நான்கு மாதம் சும்மா வைத்திருந்தேன். மின்சாரத்தையும் கணக்குப் பாருங்கள்: டிஇசட்வி 5 வோல்ட்டில் ஒன்றேகால் ஆம்பியருக்குள் முடித்துக்கொள்ளும், டிஹெச்வி நான்குக்கும் மேல் இழுக்கும். உள்ளேயே செயலிகளை வைத்துக்கொண்டு ரீசெட் ஆனவுடன் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் போர்டு அது, தீனியும் அதற்கேற்பத்தான்.

அந்தச் சோதனை முடிவுகளாக எட்டு பைட்டுகளை எழுத்து வரிசையிலேயே போட்டுவைக்கும். சொந்தமாக டிரைவர் எழுதுகிறவர்கள் முதலில் அவற்றை எடுத்துவிட வேண்டும். இன்னொரு கண்ணி: எட்டு லைனுக்கும் ஒரே ரெஜிஸ்டர் (போர்டைக் கட்டுப்படுத்தும் சிறு சேமிப்பிடம்) முகவரிகள். எந்த லைன் என்று முதலில் சிஎஸ்ஆர் என்னும் கட்டுப்பாட்டு ரெஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் மற்றதைத் தொட வேண்டும். இடையில் இன்டரப்ட் வந்து அந்த எண்ணை மாற்றிவிட்டால் வேறு லைனின் வேகம் மாறிப்போகும்.

டிஇசட்வி ஒன்றும் சாது இல்லை. அதில் இரண்டாவது ரெஜிஸ்டரை எழுதினால் லைன் அமைப்பு, படித்தால் வந்த எழுத்து. தெரியாமல் பிஐஎஸ் கட்டளையால் ஒரு பிட்டை ஏற்றப் போனேன். அது முதலில் படித்துவிட்டுத்தானே எழுதும்? படித்தாலே அந்த எழுத்து வரிசையிலிருந்து போய்விடும். தட்டிய எழுத்துகள் அவ்வப்போது காணாமல் போயின. கேபிளை மூன்று முறை மாற்றிய பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன்.

போன மாதம் இரண்டையும் சேர்த்தே மாட்டினேன். தனியாக இருந்தால் டிஹெச்வியின் முகவரி 160440 (எண்ம முறையில்). டிஇசட்வி 160100-இல் வந்து உட்கார்ந்தால், ஆர்எஸ்எக்ஸ்-11எம்-பிளஸ் போலப் போர்டுகளைத் தானாகத் தேடும் இயக்கமுறைகள் டிஹெச்வியை வேறிடத்தில் எதிர்பார்க்கும், சுவிட்சுகளை மாற்றியாக வேண்டும். 2.11பிஎஸ்டிக்கு அந்தக் கவலை இல்லை, போர்டுகளின் முகவரிகளைப் பட்டியலிடும் டிடேப் கோப்பில் என்ன எழுதுகிறோமோ அதுதான். டெர்மினல்கள் எல்லாம் டிஹெச்வியில். டிஇசட்வியில் ஒரே ஒரு பிரிண்டர், 1200 பாட்.