இலவச ரியல் எஸ்டேட் கருத்தரங்கு: கூடப் போய் வந்தவள் சொல்கிறேன்

‘கைக்காசு போடாமல் வீடு வாங்கி விற்கலாம்’ என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டுத் தம்பி கூப்பிட்டான். வேலை போய், செட்டில்மென்ட் பணத்தை என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்த நேரம். நான் கணக்கு எழுதிப் பிழைப்பவள், துணைக்குப் போனேன்.

ஒன்றரை மணி நேர இலவசக் கூட்டத்தில் வீடு வாங்குவதைப் பற்றிக் கால் மணி நேரம்கூடப் பேசவில்லை. மேடையில் இருந்தவர் தான் கடனில் மூழ்கிக் கரையேறிய கதையைச் சொன்னார், செக் படங்களைத் திரையில் காட்டினார். கடைசியில் மூன்று நாள் பயிற்சி, இன்று இங்கேயே கட்டினால் பாதிக் கட்டணம் என்றார்கள். “இன்னைக்கு விட்டா இந்த ரேட் கிடைக்காதுக்கா” என்று தம்பி பின்மேசைக்குப் போய்க் கார்டைத் தேய்த்துவிட்டான். நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை.

ஒரு கட்டணத்துக்கு இரண்டு பேர் என்பதால் பயிற்சிக்கும் போனேன். முதல் நாள் காலையில் ‘உங்கள் இலக்குகள்’ என்று ஒரு படிவம். உள்ளே பார்த்தால் சேமிப்பு எவ்வளவு, ஓய்வூதியக் கணக்கில் எவ்வளவு, எத்தனை கிரெடிட் கார்டு, ஒவ்வொன்றிலும் லிமிட் என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். மதியச் சாப்பாட்டுக்கு விடும் முன், பேங்குக்கு ஃபோன் போட்டு லிமிட்டைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். வீடு வாங்கத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். மூன்றாம் நாள் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து ‘மென்டார்’ (தனி வழிகாட்டி) திட்டத்தை விற்றார்கள். தம்பியிடம் சொன்ன தொகை, அவன் கூட்டி வாங்கியிருந்த லிமிட்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

போர்டில் போட்ட கணக்கைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. வீட்டின் விலை 100 என்று வைப்போம். முழுக்கக் கடன். வருட வாடகை 8, வட்டி 6, மீதி 2 லாபம். இப்படிப் பத்து வீடு வாங்குங்கள் என்றார். அரங்கமே கைதட்டியது. நான் நோட்டில் எழுதிப் பார்த்தேன். வருடத்தில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடந்தாலே 0.67 போய்விடும். ரிப்பேருக்கு 1, வரிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் சேர்த்து 0.5 என்று வைத்தாலும் செலவு 2.17. அதாவது கையிலிருந்து 0.17 போட வேண்டும். அசலில் இன்னும் ஒரு காசு அடைக்கவில்லை, பத்திரச் செலவும் புரோக்கர் கமிஷனும் சேர்க்கவில்லை. பத்து வீடு என்றால் நஷ்டமும் பத்து மடங்கு. எழுந்து கேட்டேன். “நெகட்டிவா யோசிக்கிறவங்க பணக்காரங்க ஆக மாட்டாங்க” என்பதுதான் பதில்.

அக்ரிமென்ட் மட்டும் போட்டு, வீட்டை வாங்காமலேயே அந்த அக்ரிமென்ட்டை வேறொருவருக்குக் கைமாற்றி லாபம் பார்ப்பது என்றும் ஒரு வழி சொன்னார்கள். லைசன்ஸ் இல்லாமல் அதைச் செய்தால் சட்டச் சிக்கல் வரும் இடங்கள் உண்டு. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வந்த பிறகு தேடிப் படித்தேன். அமெரிக்காவில் 2005-ல் டொனால்ட் டிரம்ப் தொடங்கிய ‘டிரம்ப் பல்கலைக்கழகம்’ என்ற ரியல் எஸ்டேட் பயிற்சி நிறுவனமும் இதே படிகளில்தான் ஆட்களை ஏற்றியிருக்கிறது: இலவசக் கூட்டம், பிறகு 1,495 டாலருக்கு மூன்று நாள், அதற்கு மேல் 34,995 டாலர் வரை. பல்கலைக்கழகம் என்ற பெயருக்கு நியூயார்க் கல்வித்துறை ஆட்சேபம் தெரிவித்து, 2010-ல் பெயரை மாற்றினார்கள். அங்கே பணம் கட்டிப் படித்தவர்கள் தொடுத்த வழக்கில் வெளிவந்த ஊழியர் கையேட்டில் அரங்கின் வெப்பநிலை 68 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் போகக் கூடாது என்பதுவரை எழுதியிருந்தது. மூன்று நாளும் நான் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஞாபகம் வந்தது. 2016 நவம்பரில் தவறை ஒப்புக்கொள்ளாமல், 2.5 கோடி டாலருக்கு அந்த வழக்குகளைச் சமரசத்தில் முடித்தார்கள்.

ஏற்கெனவே கட்டிவிட்டீர்கள் என்றால் இன்றைக்கே ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தைப் படியுங்கள். தம்பியின் ஒப்பந்தத்தில் பணம் திரும்பக் கேட்க மூன்று நாள்தான். அந்த மூன்று நாள் கையெழுத்திட்ட அன்றே ஓட ஆரம்பித்து, பயிற்சி தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது! அமெரிக்காவில் ஹோட்டல் அரங்கு மாதிரியான தற்காலிக இடத்தில் விற்றதைப் பொதுவாக மூன்று வேலை நாளுக்குள் ரத்து செய்யச் சட்டமே இடம் தருகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் என்ன என்று பாருங்கள். ஃபோனில் பேசிக்கொண்டிருக்காதீர்கள், எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். பணத்தைத் திருப்பித் தருகிறோம், யாரிடமும் குறை சொல்ல மாட்டேன் என்று எழுதிக்கொடு என்பார்கள். அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மென்டார் திட்டத்தில் தம்பி சேரவில்லை. அந்த மேசையில் என் நோட்டை அவன் முன்னால் விரித்து வைத்தேன், பேனாவைக் கீழே வைத்துவிட்டான். பயிற்சிக்குக் கட்டியது திரும்பவில்லை, அதைத் தவணையில் அடைத்துக்கொண்டிருக்கிறான். கார்டு லிமிட்டைப் பழைய அளவுக்கே குறைக்கச் சொல்லிப் போன வாரம் பேங்குக்கு எழுதிக்கொடுத்தோம்.