சதுரங்க மென்பொருளுக்கு ₹8,500 கொடுத்தவனின் எச்சரிக்கை: அப்டேட் செய்யும் முன் படியுங்கள்

வெள்ளிக்கிழமை இரவு ஒரே ஒரு பொத்தானை அழுத்தினேன். என் மகளின் இரண்டு வருட உழைப்பு போய்விட்டது. கூடவே ₹8,500.

சதுரங்கப் பயிற்சி மென்பொருள் விற்கும் இணையக் கடை அது. பெயர் வேண்டாம். வாங்கும் முன் நானே தொலைபேசியில் கேட்டேன்: “எங்களிடம் இருப்பது 2012-இல் வாங்கிய மடிக்கணினி. இதில் ஓடுமா?” பேசியவர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “தாராளமாக ஓடும் சார். நானும் செஸ் ஆடுகிறவன்தான். பிள்ளைக்காகச் செலவு செய்கிறீர்கள், உங்களை ஏமாற்றுவேனா? எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள்.” ‘நானும் ஆடுகிறவன்’ என்றாரே, அதில்தான் விழுந்தேன். அன்று மாலையே பணம் கட்டினேன்.

எட்டு மாதம் நன்றாகவே ஓடியது. மகள் இரண்டு வருடமாக ஆடிய 214 ஆட்டங்களை அதில் ஏற்றியிருந்தோம். ‘ராணியை அவசரப்பட்டு வெளியே எடுத்தேன்’, ‘கோட்டை கட்டாமல் சிப்பாயைத் தள்ளியது தப்பு’ என்று நகர்வுக்கு நகர்வு அவளே குறிப்பு எழுதியிருந்தாள்.

‘முக்கியமான அப்டேட்’ என்று திரையில் வந்தது. ஞாயிறு போட்டி, புதியதாக இருந்தால் நல்லதுதானே என்று சம்மதித்தேன். கோப்புகளைப் புதிய வடிவத்துக்கு மாற்றுவதாகச் சொல்லி ஒரு பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து முடிந்தது. அதன் பிறகு திறந்தால் பலகை தெரிகிறது, காய்கள் வந்து நிற்கின்றன, எஞ்சின், அதாவது நகர்வுகளை எடைபோடும் நிரல், கணக்கிட வேண்டிய இடத்தில் ‘0’ என்று காட்டுகிறது, அடுத்த கணம் எல்லாமே மறைந்துவிடுகிறது. எத்தனை முறை திறந்தாலும் இதே கதை. பழைய பதிப்பை மறுபடி நிறுவினேன். மாற்றப்பட்ட கோப்பை அதனால் திறக்க முடியவில்லை. தம்பியின் கணினியில் போட்டுப் பார்க்கலாம் என்றால், ஓர் உரிமம் ஒரு கணினிக்குத்தான் என்று பூட்டு. ஞாயிறன்று எதையும் பார்க்காமலேயே போட்டிக்குப் போனாள்.

‘என்னைக் கூப்பிடுங்கள்’ என்றவரைச் சனிக்கிழமை ஆறு முறை அழைத்தேன். எடுக்கவில்லை. உதவி எண்ணில் ஒருவர் கணினியை அணைத்துப் போடச் சொன்னார். இன்னொருவர் வைரஸ் தடுப்பை நிறுத்தச் சொன்னார். திங்களன்று மூன்றாமவர், “உங்கள் கணினி பழையது சார், புதியது வாங்குங்கள்” என்கிறார். பழையது என்று சொல்லித்தானே ₹8,500 கொடுத்தேன்! பணத்தைத் திருப்பிக் கேட்டால் 30 நாள் கெடு முடிந்துவிட்டதாம்.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் என் அக்கா மகன். ஏவிஎக்ஸ்2 என்ற வசதி உள்ள பிராசசரில் மட்டுமே ஓடும் எஞ்சினை அனுப்பியிருக்கிறார்கள். இன்டெல் பிராசசர்களில் அது 2013-இல்தான் வந்தது. எங்களுடையதில் இல்லை. அதை முதலில் சோதித்துவிட்டு அப்டேட்டை இறக்கியிருக்கக் கூடாதா? வயிறு எரிவது எதற்கென்றால், இலவசமாகக் கிடைக்கும் ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் எஞ்சின் பழைய பிராசசர்களுக்கென்று தனிப் பதிப்பே தருகிறது. அதே மடிக்கணினியில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. காசு கேட்காதவர்களுக்கு உள்ள அக்கறை ₹8,500 வாங்கியவர்களுக்கு இல்லை.

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் முடியவில்லை. ஆட்டங்களைக் குறிப்புகளோடு பி.ஜி.என். என்ற சதுரங்கக் கோப்பு வடிவத்தில் பென் டிரைவில் எடுத்து வையுங்கள். அது வெறும் எழுத்துக் கோப்பு, எங்கும் திறக்கும். போட்டி வாரத்தில் எதையும் அப்டேட் செய்யாதீர்கள். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

போட்டித் தாள்களின் கார்பன் நகல்களைப் பார்த்து மகள் நகர்வுகளை மறுபடி ஏற்றுகிறாள். 19 ஆட்டம் முடிந்திருக்கிறது. அவள் எழுதிய குறிப்புகள் கார்பன் நகலில் இல்லை.