ஹார்ப்பரா, டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸா?

19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இரண்டு பதிப்பகங்கள், இரண்டு வழிகள். நியூயார்க்கில் 1817இல் அச்சகமாகத் தொடங்கிய ஹார்ப்பர் சகோதரர்களின் கணக்கு எளிது: நிறைய அச்சடி, மலிவாக விற்றுத் தள்ளு. 1891 வரை அயல்நாட்டு எழுத்தாளருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடையாது. லண்டன் புத்தகம் கப்பலில் வந்து இறங்கியதுமே அச்சுக் கோக்க உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் அவர்களின் நிஜச் சொத்து ஸ்டீரியோடைப் தகடுகள்தான். கோத்த பக்கத்தின்மேல் பிளாஸ்டர் அச்சு எடுத்து, உருக்கிய ஈயக் கலவையை ஊற்றினால் முழுப் பக்கமும் ஒரே தகடாகிவிடும். எழுத்துகளைப் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம். மறுபதிப்புக்கு மீண்டும் கோக்க வேண்டாம். (தகடு தேயத் தேய எழுத்தின் ஓரங்கள் உடையும், பிந்திய பதிப்புகளில் இது தெரியும்.) 1853 டிசம்பரில் குழாய் வேலைக்கு வந்தவர் ஒருவர், தண்ணீர் என்று நினைத்து, மை உருளை துடைக்கும் காம்ஃபீன் (சட்டென்று தீப்பற்றும் டர்பென்டைன் திரவம்) தட்டில் தீக்குச்சியைப் போட்டார். கட்டடங்கள் சாம்பலாயின. நிலவறையில் இருந்த தகடுகள் பிழைத்தன, நிறுவனமும் பிழைத்தது.

பாஸ்டனில் டிக்னர் அண்ட் ஃபீல்ட்ஸ் பதிப்பகத்தை நடத்திய டிக்னரின் வழி வேறு. சட்டம் கேட்காதபோதே ஆங்கிலக் கவிஞர் டெனிசனின் 1842 கவிதைகளுக்கு 150 டாலர் கொடுத்தார். வேகத்தில் ஹார்ப்பரை நெருங்க முடியாது. கவிஞர்களிடம் பெயர் வாங்கியது இவர்தான். 1859இல் அட்லாண்டிக் மந்த்லி இதழும் 10,000 டாலருக்கு இவர்கள் கைக்கு வந்தது. நீலத் துணி, தங்க ஓரம் என்று 1856 முதல் வந்த சட்டைப்பை அளவுக் கவிதை நூல்கள் பார்க்க அழகு. எழுத்துதான் ரொம்பப் பொடி.