காட்டியது ஒரு திரை, கட்டிக் கொடுத்தது வேறு திரை: 28,500 ரூபாய் போச்சு

கோவை, திருப்பூர் பக்கம் படிக்கிற பிள்ளைக்கு ரீஃபர்பிஷ்டு லேப்டாப் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எனக்கு 28,500 ரூபாய் போயிருக்கிறது. போயிருக்கிறது என்றால், கையில் ஒரு லேப்டாப் இருக்கிறது, ஆன் ஆகிறது, ஓடுகிறது. ஆனால் நான் பார்த்து, கேட்டு, காசு கொடுத்த லேப்டாப் அது இல்லை.

கடையின் பெயரை எழுதவில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், அது முடியும்வரை பெயர் வேண்டாம் என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். கம்பெனிகள் கழித்துவிடும் லேப்டாப்களை மொத்தமாக எடுத்து, துடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி விற்கிற ஷோரூம். தினமும் ரீல்ஸ் போடுவார்கள், 'ஸ்டூடன்ட் ஆஃபர்' என்று சிவப்பு எழுத்தில் ஓடும். இப்படிப்பட்ட கடைகள் நிறைய இருக்கின்றன, எல்லாரையும் சொல்லவில்லை. குறைந்த விலையில் நல்ல திரையுள்ள லேப்டாப்பை எப்படிப் பார்த்து எடுப்பது என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் வயிற்றெரிச்சல் அடங்காது.

தங்கை பி.காம் முதலாண்டு. கூடவே சி.ஏ. ஃபவுண்டேஷனுக்கும் படிக்கிறாள். சி.ஏ. பாடங்களை இன்ஸ்டிடியூட்டே பிடிஎஃப்பாக இலவசமாகத் தருகிறது. அதையெல்லாம் போனில் படித்துப் படித்து, ராத்திரியானால் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கண் டாக்டரிடம் காட்டியதில் பவர் மாறவில்லை, போனில் படிப்பதை நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். அதனால் எனக்கு வேண்டியது கண்ணை உறுத்தாத ஒரு திரை, அவ்வளவுதான். கேமிங், எடிட்டிங் எதுவும் கிடையாது. பிடிஎஃப், எக்செல், டேலி, கிளாஸ் வீடியோ. பட்ஜெட் 30,000.

அந்தக் காசுக்குப் புது லேப்டாப் பார்க்காமல் இல்லை. பலவற்றில் டிஎன் திரை (சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறுகிற மலிவு வகை), திரை சுமாராக இருந்தால் ப்ராசஸர் ஊர்கிறது. அதே காசுக்கு, ஆபீஸ் உபயோகத்துக்கென்று செய்த பழைய லேப்டாப் எடுத்தால் கீபோர்டு நன்றாக இருக்கும், 14 இன்ச்சில் ஃபுல் எச்டி (1920x1080 புள்ளி) ஐபிஎஸ் திரையும் கிடைக்கும். ஐபிஎஸ் என்றால் பக்கத்திலிருந்து பார்த்தாலும் நிறம் மாறாத வகை. இந்தக் கணக்கு இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன். இன்டெல் ப்ராசஸரில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் முன்பே பார்த்து வைத்திருந்தேன். விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது, விண்டோஸ் 11 பழைய ப்ராசஸர்களில் முறைப்படி ஏறாது. எல்லாம் பார்த்து, 2018-இல் வந்த லெனோவோ திங்க்பேட் டி480 என்று முடிவு செய்தேன்.

அந்த மாடலில் ஒரு விஷயம் இருக்கிறது. கம்பெனியே அதை வேறு வேறு திரைகளோடு விற்றது. 1366x768 டிஎன் திரை போட்டதும் உண்டு, 1920x1080 ஐபிஎஸ் போட்டதும் உண்டு, அதற்கு மேலேயும் ஒன்று உண்டு. வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே கறுப்பு டப்பா. இது தெரிந்ததால்தான் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பில் திரை என்ன என்று கேட்டேன். வாய்ஸ் நோட் வந்தது: "ஃபுல் எச்டி ஐபிஎஸ்தானுங்க தம்பி, நம்மகிட்ட எல்லாமே அதேதான், நேர்ல வந்து பாருங்க." அந்த வாய்ஸ் நோட் என்னிடம் இருக்கிறது.

நேரில் போனோம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் டெமோ பீஸை எடுத்து வைத்தார். நான் கேட்பதற்கு முன்பே திரையைப் பின்னால் முழுசாகச் சாய்த்தார், பக்கத்தில் நின்று பார்க்கச் சொன்னார். நிறம் மாறவில்லை. தங்கை அவளுடைய பிடிஎஃப் ஒன்றைத் திறந்து பார்த்தாள், "நல்லாருக்குண்ணா" என்றாள். தலைவலி விஷயத்தை நான்தான் சொன்னேன். அவர் உடனே, "எம் பொண்ணும் உங்க தங்கச்சி வயசுதானுங்க, அவளும் கண்ணாடிதான். ராத்திரி பூரா இதே மாடல்லதான் படிக்கறா" என்றார். போனில் மகளின் போட்டோவைக்கூடக் காட்டினார். டீ வந்தது. விலையில் ஆயிரம் ரூபாய் அவராகவே குறைத்தார்.

அப்புறம்தான் அந்த வார்த்தை. "இது டெமோ பீஸுங்க, போறவன் வர்றவன் எல்லாம் தட்டிப் பாத்தது. பாப்பா படிக்கறதுக்கு வாங்கறீங்க, உள்ள இருந்து நல்ல பீஸா எடுத்துத் தரச் சொல்றேன்."

இப்படிப் பேசுகிற மனிதரை யார் சந்தேகப்படுவார்கள்? உள்ளேயிருந்து ஒரு பையன் அட்டைப்பெட்டியோடு வந்தான். பெட்டியைப் பிரித்து, மேஜையில் நேராக வைத்து, ஆன் செய்து காட்டினான். விண்டோஸ் வந்தது, பெரிய நீலப் படம். "ஆன் ஆகுது பாத்துக்கங்க" என்று மூடி, திரும்பப் பெட்டியில் வைத்து, டேப் சுற்றி, 'க்யூசி பாஸ்' என்று ஒரு ஸ்டிக்கரையும் ஒட்டிவிட்டான். நேராகப் பார்த்தால் எந்தத் திரையும் நன்றாகத்தான் தெரியும். அது அவர்களுக்குத் தெரியும்.

பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி பில் என்றால் 18 சதவீதம் சேரும், நம்ம வாரண்டிக்கு இந்தச் சீட்டே போதும் என்றார்கள். 'எஸ்டிமேட்' என்று அச்சடித்த சீட்டு. அதில் 'டி480 ஐ5 8 256 – 28,500'. திரையைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கீழே சின்னதாக, விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது. ஜிபேயில் பணம் போட்டபோது வந்த பெயர் கடையின் பெயர் இல்லை, யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர். 28,500 ஒரே தட்டில் போனது.

வீட்டுக்கு வந்து தங்கை கட்டிலில் சாய்ந்துகொண்டு திறந்தாள். பிடிஎஃப்பின் வெள்ளைப் பக்கம் மேலே சாம்பலாகவும் கீழே வெளுத்தும் தெரிகிறது. திரையைக் கொஞ்சம் சாய்த்தால் மேல் பாதி இருண்டுபோகிறது, இன்னும் சாய்த்தால் போட்டோ நெகட்டிவ் மாதிரி நிறமே புரண்டுவிடுகிறது. டிஎன் திரையின் அடையாளமே இதுதான். நேராகப் பார்த்தால் ஒன்று, மேலும் கீழும் பார்த்தால் வேறு. டிஸ்பிளே செட்டிங்ஸில் போய்ப் பார்த்தேன். பட்டியலில் இருப்பதிலேயே பெரியது 1366x768. சீரியல் எண்ணை, லேப்டாப்பைத் தயாரித்த கம்பெனியின் சப்போர்ட் தளத்தில் போட்டேன். தொழிற்சாலையிலிருந்து வந்ததே டிஎன் திரையோடுதான். ஆக, கடைக்குத் தெரியாமல் நடந்த விஷயம் இல்லை.

எண்ணில் சொன்னால் சிலருக்குப் பெரிதாகத் தெரியாது, அதனால் இப்படிச் சொல்கிறேன். 14 இன்ச்சில் ஃபுல் எச்டி என்றால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 157 புள்ளி. இந்தத் திரையில் 112. ஆங்கிலம் எப்படியோ சமாளிக்கலாம், தமிழில் பொடி எழுத்து வந்தால் ணகரமும் னகரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, எழுத்தின் மேல் புள்ளி இருக்கிறதா இல்லையா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. எக்செல்லில் நாலு நெடுவரிசை குறைவாகத் தெரிகிறது, வலதும் இடதுமாக இழுத்துக்கொண்டே இருக்கிறாள். வெளிச்சமும் போதவில்லை, பகலில் ஜன்னல் பக்கம் உட்காரவே முடியாது. தலைவலி திரும்ப வந்துவிட்டது. எதற்காக 28,500 கொடுத்தோமோ அது நடக்கவில்லை.

போன் போட்டேன். முதலில் எடுத்த பையன், "டிரைவர் அப்டேட் பண்ணுங்க, ரெசல்யூஷன் ஏறிடும்" என்றான். இல்லாத புள்ளியை எந்த டிரைவர் கொண்டுவரும்? அடுத்து டெக்னீஷியன் கூப்பிடுவார் என்றார்கள், கூப்பிடவில்லை. திரும்பப் போட்டால், "ஓனர் வெளியூர்ல இருக்காருங்க." பிறகு, "டிஸ்பிளே, பேட்டரி, அடாப்டர் இதெல்லாம் வாரண்டில வராதுங்க." அண்ணா, கெட்டுப்போனதென்று நான் சொல்லவில்லை, வேறு பொருளைக் கொடுத்துவிட்டீர்கள் என்கிறேன் என்றால், "ரீஃபர்பிஷ்டுன்னா பீஸுக்கு பீஸ் வித்தியாசம் இருக்கத்தானுங்க செய்யும்."

லீவு போட்டு நேரிலேயே போனேன். மகள் போட்டோ காட்டிய அதே மனிதர் என்னைப் பார்த்ததும் கால் வந்தது போல போனைக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். டெமோ பீஸ் அதே மேஜையில், அதே சாய்வில் இருந்தது. கல்லாவில் இருந்தவரிடம் வாய்ஸ் நோட்டைப் போட்டுக் காட்டினேன். "அது புதுசா சேர்ந்த பையன் பேசினது தம்பி, அவனுக்கு விவரம் பத்தாது." சரி, எனக்குக் காட்டிய அந்த டெமோ பீஸையே கொடுங்கள், கை பட்டதாகவே இருக்கட்டும் என்றேன். அது விற்பனைக்கு இல்லையாம்! ஃபுல் எச்டி பேனல் மாற்றித் தர 6,500 ஆகும் என்றார். கடைசியாக, ரொம்பப் பெரிய மனது பண்ணி, "வேணும்னா நாங்களே 19,000-க்குத் திரும்ப எடுத்துக்கறோம்" என்றார். கொடுத்த ஸ்டிக்கர்கூடக் கிழியாத லேப்டாப்புக்கு 19,000. என் 28,500-இல் மிச்சம் 9,500 அவர்கள் கொடுத்த டீக்கு என்று வைத்துக்கொள்ளலாம் போல.

நான் பனியன் கம்பெனியில் க்வாலிட்டி பிரிவில் இருக்கிறேன். பையர் ஒப்புக்கொண்ட சாம்பிள் ஒன்று, பல்க்கில் போகிற துணி வேறொன்று என்றால் மொத்த ஷிப்மென்ட்டும் ரிஜெக்ட் ஆகும். கலரில் ஒரு ஷேடு தள்ளினாலே ஓனர் தூங்க மாட்டார். வெளிநாட்டுக்காரனுக்கு அனுப்பும் டி-ஷர்ட்டுக்கு இருக்கிற நியாயம், நம்ம ஊர்ப் பிள்ளை படிக்க வாங்குகிற லேப்டாப்புக்கு இல்லை. இதைக் கல்லாவில் சொன்னேன். "தம்பி, வியாபார நேரத்துல சத்தம் போடாதீங்க" என்றார்கள். அன்று சாயங்காலம் வாட்ஸ்அப்பில் பிளாக்கும் செய்துவிட்டார்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். அதில் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் வரை போகலாம். இன்னொன்று, 'திரும்பப் பெறப்படமாட்டாது' என்று சீட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவில், பில் கொடுக்காமல் விற்பதும், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம் என்றே இருக்கிறது. பில்லில் திருப்பிக் கொடுக்கக் கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள் கேட்கலாம். வாய்ஸ் நோட், ஜிபே ரசீது, சீட்டு, செட்டிங்ஸ் ஸ்கிரீன்ஷாட் எல்லாம் சேர்த்து வைத்திருக்கிறேன்.

திரை பார்த்து எடுப்பது பற்றி விவரமாக எழுதுகிறேன் என்று மேலே சொன்னேன். ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது, கோபத்தில் கோர்வையாகவும் வரவில்லை. அவசரத்துக்கு இது மட்டும். டெமோ பீஸில் என்ன பார்த்தீர்களோ அதையெல்லாம் உங்களுக்குக் கட்டித் தரும் பீஸிலும் பாருங்கள்: ஒரு வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, திரையைச் சாய்த்து, மேலிருந்தும் கீழிருந்தும். ரெசல்யூஷன் பட்டியலில் 1920x1080 இருக்கிறதா என்று பார்க்காமல் டேப் சுற்ற விடாதீர்கள். ஃபுல் எச்டி என்றாலே ஐபிஎஸ் என்று அர்த்தம் இல்லை, ஃபுல் எச்டியிலும் டிஎன் உண்டு. வெளிச்சம் 250 நிட்ஸுக்குக் (திரை வெளிச்சத்தின் அளவு) கீழே என்றால் வேண்டாம், 300 கிடைத்தால் நல்லது. பிரைட்னஸைக் குறைத்துவிட்டு போன் கேமராவில் பாருங்கள், பட்டை பட்டையாக ஓடினால் திரை மினுக்குகிறது என்று சந்தேகப்படலாம், தலைவலிக்காரர்களுக்கு அது ஆகாது. சீட்டில் 'ஃபுல் எச்டி ஐபிஎஸ்' என்றும் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் மிச்சமாகும் காசு மிச்சமே இல்லை.

28,500 ரூபாய் திரும்ப வந்தால், அல்லது அந்தக் கடை பேனலையாவது மாற்றிக் கொடுத்தால், இந்தப் பதிவிலேயே சேர்க்கிறேன். இதே மாதிரி பீஸ் மாற்றிக் கொடுக்கப்பட்டவர்கள் கோவையில் வேறு யாராவது இருந்தால் உங்கள் சீட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்து, நீங்களும் 1915-இல் பதியுங்கள்.