மராகேஷில் கம்பளம் வாங்குபவர்கள் பின்பக்கத்தைப் பாருங்கள்

பாரிஸ் புறநகரில் இருக்கும் எங்கள் வரவேற்பறையை மொராக்கோ பாணியில் மாற்றவேண்டும் என்பது மனைவியின் நெடுநாள் ஆசை. சுவரை ஒட்டித் தாழ்வான செதாரி இருக்கைகள், நடுவே பித்தளைத் தட்டு மேசை, துளைத் துளையாக வெளிச்சம் சிந்தும் விளக்கு, தரையில் மொராக்கோ மலைவாழ் பெர்பர் மக்கள் கம்பளியில் முடிச்சிட்டு நெய்யும் பெனி ஊரெய்ன் கம்பளம். செதாரியை இங்கேயே தச்சரிடம் செய்துகொண்டோம். மற்றதை வாங்க மொராக்கோவின் மராகேஷ் நகரத்துக்கே போனோம்.

விளக்கில் குறை இல்லை. தகரக் கொல்லர்கள் சதுக்கத்தில் கண்ணெதிரே வெட்டித் துளை போடுகிறார்கள். ஏமாந்தது கம்பளத்தில்.

ஜமா எல் ஃப்னா சதுக்கத்தில் வழி கேட்டோம். "மலையிலிருந்து பெர்பர் மக்கள் வந்திருக்கிறார்கள், சந்தை இன்றைக்கு மட்டும்தான்" என்று ஒரு பையன் கூட்டிப்போனான். அது தினமும் திறந்திருக்கும் கடை, அவனுக்குக் கமிஷன். புதினா டீ வந்தது. முப்பது கம்பளமாவது விரித்திருப்பார்கள். மூன்றாவது கிளாஸ் டீக்குப் பிறகு வெறுங்கையோடு எழுந்துவர நமக்கு மனசு வராது. அது அவர்களுக்கும் தெரியும். நாங்கள் தேர்ந்தெடுத்த கம்பளம் 12,000 திர்ஹாமில் தொடங்கி 7,000-க்கு முடிந்தது. அதிக விலைதான், ஆனால் அதை மோசடி என்று சொல்லமாட்டேன். பேரத்தில் தோற்றேன், அவ்வளவுதான்.

அதே கடையில் மோசடி வேறு விஷயங்களில். முதலில் குஷன் உறைகள். "கள்ளிப் பட்டு", அதாவது கள்ளிச் செடியின் நாரில் நெய்தது என்றார் கடைக்காரர். நம்பாமல் பார்த்தேன். உடனே ஒரு நூலை உருவி லைட்டரில் கொளுத்தி, "பாருங்கள், உருகவில்லை, பிளாஸ்டிக் இல்லை" என்றார். நானும் தலையாட்டினேன். ரேயானும் உருகாது, காகிதம்போல எரியும் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் தெரிந்தது. அந்தப் பெயரில் கடைத்தெருவில் விற்பது பெரும்பாலும் ரேயான்தானாம். அசல் பட்டும் கம்பளியும் எரிந்தால் தலைமுடி கருகும் வாடை வரும். செடி நாரிலும் ரேயானிலும் அந்த வாடை வராது, அதனால் அவர் கொளுத்திக் காட்டியதில் எதுவும் நிரூபணமாகவில்லை.

அப்புறம் கம்பளம். கனம் அதிகம், நாங்களே அனுப்பிவிடுகிறோம், எல்லாச் செலவும் இதில் அடக்கம் என்றார்கள். கார்டு மிஷின் வேலை செய்யவில்லை என்று ரொக்கமாக வாங்கிக்கொண்டார்கள். ஐந்து வாரம் கழித்து வந்த கூரியர்காரர் 20 சதவீத வரியைக் கட்டச் சொன்னார். கட்டிவிட்டுப் பிரித்தால், அதே வெள்ளை, அதே கறுப்பு வைரக்கட்டங்கள், ஆனால் வேறு கம்பளம். பின்பக்கம் முடிச்சுகளே தெரியவில்லை, பசை போட்டுத் துணி ஒட்டியிருந்தது. கையால் முடிச்சிட்டதில் பின்புறமும் கோலம் தெரியும், முடிச்சுகள் கொஞ்சம் கோணலாக இருக்கும். என் ரசீதில் "கம்பளம், 2 x 3" என்று மட்டும் எழுதியிருந்தது. கடையில் நான் எடுத்த படங்கள் எல்லாம் முன்பக்கம்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் முகமது V அவென்யூவில் உள்ள கைவினை வளாகத்துக்குப் போய் விலை பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே பொருளுக்கு விலை எழுதியிருக்கும், யாரும் கையைப் பிடித்து இழுக்கமாட்டார்கள். முடிந்தால் கம்பளத்தைச் சுருட்டிக் கையோடு கொண்டுவாருங்கள், விமானத்தில் கூடுதல் எடைக்குக் கட்டுவது எவ்வளவோ மேல். அனுப்பச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் பின்பக்க ஓரத்தில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, கடைக்காரரோடு சேர்த்துப் படம் எடுங்கள். கம்பளி, கை முடிச்சு, அளவு மூன்றும் ரசீதில் இருக்கட்டும்.

கடைக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். "அதே கம்பளம்தான், உங்கள் ஊர் வெளிச்சத்தில் அப்படித் தெரிகிறது" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு நீல டிக் மட்டும் விழுகிறது.